சாமான் பட்டியலில் ஒரு பிணம்

1

இந்தக் கதை ஒரு நிகழ்ச்சி மலருக்காகத் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் டாஸ்க்ளூஃப் ஊர் உலகத்துக்குக் கொடுத்த ஒரே ஆப்பிரிக்கான்ஸ் நாடகம் ‘மேசைமேல் தாத்தா’. அதற்கு இந்த வருடம் அறுபது வயது; கொண்டாட மறுபடி மேடையேற்றுகிறார்கள். அதன் மேடை வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி நாடகக் குழுத் தலைவன் ஃபானி லாட்டகன் கேட்டான்.

“உங்கள விட்டா யாரு ஆன்ட்டி இருக்கா? மத்தவங்கல்லாம் செத்துட்டாங்க.”

இப்படிக் கேட்டால் எப்படி மறுப்பது?

முதல் தொடக்கம்: ‘1966ஆம் ஆண்டு எங்கள் நாடக உலகின் பொன்னான...’ (அடித்துவிட்டேன். அந்த வருடம் எங்கள் கரூ வறண்ட நிலத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. பொன்னாவது மண்ணாவது.)

இரண்டாம் தொடக்கம்: ‘இதை எழுதிய தபால் அதிபர் ரெட்டீஃப் ஒரு மாபெரும்...’ (பொய். அவர் எழுதியதே இது ஒன்றுதான். அதிலும் மூன்றாம் அங்கம் ஒரே இழுவை.)

2

நாடகம் இதுதான். தாத்தா இறந்து, சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறார். பண்ணை யாருக்கு என்று பிள்ளைகள் மூன்று பேரும் மூன்று அங்கம் சண்டை போடுகிறார்கள். கடைசியில் பேத்தி பிணத்தின்மேல் விழுந்து கதறுகிறாள். திரை. அந்தப் பேத்தி நான்தான், ஹெஸ்டர் நௌடே. அப்போது வயது பத்தொன்பது.

ஒத்திகையில் துணிக்கடியில் கம்பளி மூட்டையை வைத்துப் பார்த்தோம். தாத்தா எட்டு மாதக் கர்ப்பிணி மாதிரி தெரிந்தார். ஊர் ஆண்கள் ஒருவரும் பிணமாகப் படுக்க வரவில்லை. ஆட்டுக்கிடாயோடு மல்லுக்கு நிற்கிற ஆட்கள், மேசையைக் கண்டதும் முதுகு பிடித்துக்கொண்டது என்றார்கள். அப்போதுதான் இயக்குநர், மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ராகேல் யூலிஸைப் பார்த்தார்.

“படுத்துக்கெடக்கிறதுதானே? பெருக்கிறதுக்கு அது மேல்,” என்றாள் ராகேல்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அது நிறவெறிச் சட்டக் காலம். அந்த மண்டபம் வெள்ளையருக்கு மட்டுமானது. ராகேல் அதைப் பெருக்கலாம். டிக்கெட் வாங்கி உட்கார முடியாது. எங்களோடு மேடையில் நடித்தால் சட்டப்படி குற்றம். துணிக்கடியில் படுத்தால்? சட்டம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.)

3

பதினோரு வருடம் அவள் அந்த மேசையில் கிடந்தாள். போலீஸ் சார்ஜென்ட் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். ‘நௌடேயின் கண்ணீர் நிஜமானது’ என்று பத்திரிகையில் எழுதினார்கள். நிஜம்தான். நான் மேலே விழுந்ததும் ராகேல் துணிக்குள்ளிருந்து என் கையை நறுக்கென்று கிள்ளுவாள்.

“இன்னிக்கு ரொம்ப வலிக்குது, ராகேல்,” என்று ஒருமுறை விசும்பலுக்கு நடுவே முணுமுணுத்தேன்.

“நல்லா அழுங்க, மிஸ் ஹெஸ்டர். என் கழுத்துல மூக்கச் சிந்தாம அழுங்க,” என்றது பிணம்.

(இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.)

4

இந்த மலரில் வரும் நடிகர் பட்டியலில் அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். ஃபானி மூலப் பிரதியைப் புரட்டிக் காட்டினான். பிணம் நடிகர் பட்டியலிலேயே இல்லை. சாமான் பட்டியலில் இருந்தது: மேசை, விளக்கு, பைபிள், பிணம்.

“சாமானுக்கெல்லாம் பேர் போட்டா, விளக்கு குடுத்தவங்க வந்து நிப்பாங்க ஆன்ட்டி.”

“விளக்கு எப்பவாவது தும்மியிருக்காடா?”

“அவங்க தும்மினாங்களா?”

“எழுபத்தொண்ணுல. அத மறைக்கத்தான் நான் ஓன்னு கத்தினேன். அந்தக் கத்தலுக்குத்தான் எனக்கு மாவட்டப் பரிசு குடுத்தாங்க.”

5

ராகேலின் வீட்டுக்குப் போனேன். வயது எண்பத்து நான்கு. ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“ராகேலக்கா,” என்றேன். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அறுபது வருஷம் கழிச்சு அக்காவா? பொணமா கெடந்து எழுந்தாத்தான் மரியாத வருதுபோல.”

(கவனித்திருப்பீர்கள், இதுவரை ‘அவள்’ என்றே எழுதிவந்தேன். இனி ‘அவர்’. மேலே உள்ளதைத் திருத்தப் போவதில்லை. என் லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும்.)

பட்டியல் விவகாரத்தைச் சொன்னேன். அவர் பழத்தட்டை நகர்த்திவைத்தார்.

“பேர் கெடக்கட்டும், ஹெஸ்டர். ஒவ்வொரு தடவையும் நாடகம் முடிஞ்சு திரை திரும்பத் தெறக்கும். நீங்கல்லாம் கையக் கோத்துக்கிட்டு வணங்குவீங்க. ஜனங்க தட்டும். நான் உங்க முதுகுக்குப் பின்னால துணிக்குள்ளயே கெடப்பேன். ஒரே ஒரு தடவ நானும் எந்திரிச்சு வணங்கணும். அவ்வளவுதான்.”

“அதுக்கு மறுபடி படுக்கணுமேக்கா. இந்த வயசுல...”

“படுக்கிறது என் வேல, நான் பாத்துக்கிறேன். கிள்ள ஆளில்லாம நீ எப்படி எழுதப்போற? அதப் பாரு.”

6

ஃபானிக்கு உதறல். “படுத்திருக்கும்போதே நெஜமா போயிட்டாங்கன்னா?”

“அப்பவாவது பேர் போடுவியா?”

ஒப்புக்கொண்டான்.

முடிவு அ: மூன்றாம் அங்கத்தில் அவர் தும்ம, பண்ணைச் சண்டை அத்தோடு நிற்கிறது.

முடிவு ஆ: அவர் தூங்கிப்போய்க் குறட்டை விட...

(இரண்டையும் அடித்துவிட்டேன். சிரிப்பு வரும். ஆனால் இரண்டிலும் அவர் துணிக்குள்ளேயே இருக்கிறார்.)

7

சனிக்கிழமை பிற்பகல். மண்டபம் நிறைந்திருக்கிறது. வெள்ளையர் பக்கம், மற்றவர் பக்கம் என்று ஊரின் இரண்டு பக்கத்து ஜனங்களும் வந்திருக்கிறார்கள். துணிக்குள் இருப்பது யார் என்று அறிவிக்கட்டுமா என்று ஃபானி கேட்டதற்கு ராகேலக்கா கூடாது என்றுவிட்டார். மேசைமேல் ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: “எனக்குன்னு தட்டினா எந்திரிப்பேன். இல்லேன்னா கெடப்பேன். பதினோரு வருஷப் பழக்கம்.”

நாடகம் முடிந்தது. திரை மீண்டும் திறந்திருக்கிறது. நடிகர்கள் வணங்கிவிட்டு இருபுறமும் விலகி நிற்கிறார்கள். நடுவில் மேசை. கைதட்டல் ஓய்ந்துவிட்டது. சிலர் கிளம்ப மேல்கோட்டைத் தேடுகிறார்கள். பிணத்துக்கு யார் தட்டுவார்கள்? துணி மெல்ல ஏறி இறங்குகிறது.

நான் மேடையோரத்தில் நின்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும், அவர் உள்ளேயே கிடப்பார். அதனால் என்னால் தட்ட முடியாது. இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டால், உங்களுக்குக் கை இரண்டும் சும்மாதான்.