வேர் திறந்திருக்கும் வயது

எட்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக முளைத்த பல்லில் வேரின் நுனி மூடியிருக்காது. அது எங்கே போய்த் திறக்கும் என்று கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். பெற்றவள் வாயில்தான், வேறெங்கே?

ஆகவே தாரணியின் முன்பல் உள்ளே அழுகியபோது, அவள் அம்மா சங்கரேஸ்வரிக்கும் எதிரில் ஒரு நாற்காலி போட்டார்கள். புதுப்பல்லின் வேர் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, சுரண்டினால் உடைந்துவிடும். வெளிச்சம்தான் பாய்ச்ச வேண்டும். டாக்டர் மும்தாஜ் முதலில் நீல மருந்தை விட்டார். அது மகளின் பல்லில் இறங்கி, தாயின் நாக்கில் வந்து கசந்தது.

"இப்ப உள்ள இருக்கிற கிருமியெல்லாம் நீலமாயிரும். வெளிச்சம் பட்டா செத்துரும். ஆனா உங்க பக்கம்தான் ஓடி வரும். வாயைத் திறந்தீங்க, பிள்ளைக்குப் பல்லு போச்சு," என்றார்.

சங்கரேஸ்வரி உதட்டை இறுக்கிக்கொண்டாள். மீன் ஏலத்தில் பத்துப் பேரை அடக்குகிற வாய் அது. பாவம், அன்றைக்குப் பூட்டு.

மகளின் பல்லில் சிவப்பு வெளிச்சம் பாய்ந்தது. தாயின் கன்னம் உள்ளே சுட்டது. நாக்கின்மேல் பொடிப்பொடியாக என்னவெல்லாமோ ஓடின, ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் ஒன்று மட்டும் அவள் பல்லை உள்ளிருந்து தட்டியது.

"அம்மா, கதவைத் தொறம்மா. பயமா இருக்கு."

தாரணியின் குரல். மகளின் பல்லையே தின்று வளர்ந்த கிருமி, வேறு எந்தக் குரலில் பேசும்? சங்கரேஸ்வரிக்கு அது தெரியும். தெரிந்தும் மகளைப் பார்த்தாள். எதிரே பிள்ளை கண்ணை மூடி, வாயைப் பிளந்து, அசையாமல் கிடந்தாள். ஓடி வந்தது எது, அங்கே மிஞ்சியிருப்பது எது? வாயைத் திறக்காமல் யாரைக் கேட்பது?

"சுடுதும்மா!"

பெற்ற மனசு கேட்குமா? அவள் நாக்கைத் தூக்கினாள். சின்னதாக ஒன்று அதற்கடியில் புகுந்து சுருண்டுகொண்டது. அங்கே வெளிச்சம் எட்டாது.

விளக்கை அணைத்துவிட்டு, "எல்லாம் செத்துருச்சா?" என்று டாக்டர் கேட்டார். சங்கரேஸ்வரி தலையாட்டினாள்.

தாரணி எழுந்து, "போலாமாம்மா?" என்றாள். அதே குரல்தான். பஸ்ஸில் சங்கரேஸ்வரி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. கண்டக்டர் ஒரு முழு டிக்கெட்டும் இரண்டு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பாதி வழியில் சங்கரேஸ்வரியின் கடைவாய்ப் பல்லை யாரோ கொறிக்க ஆரம்பித்தார்கள்.

"மெதுவா சாப்பிடு கண்ணு, பொரையேறிடும்," என்றாள் அவள், உதட்டை அதிகம் திறக்காமல்.