சாட்சிக்கு ஒன்றும் கிடைக்காது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை எங்கிருந்தெல்லாமோ வருகிறதாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வீட்டில் நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் நான் எழுதுவதை அத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பாள். சொன்னால் கேட்காதவள் எழுதினால் கேட்பாளோ என்ற நப்பாசையில் உட்கார்ந்திருக்கிறேன். வாசகரே, நீங்கள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், முதியவர் நடுங்கும் கையால் பேனாவை எடுத்து"

மழை பெய்யவில்லை. அப்பாவின் கை நடுங்கவும் இல்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கிற கை அது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "சொத்து என்பது வெறும் செங்கல்லும் சிமென்டும் அல்ல, அது ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்கு"

இந்த வாக்கியத்தை முடித்தால் என்மேல் எனக்கே மரியாதை போய்விடும்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். கீழே ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறை, மேலே வீடு. இரண்டும் அப்பாவுடையவை. அம்மா இல்லை. பட்டறைக் கவுன்ட்டரில் அத்தை, அப்பாவின் தங்கை. மாடிப் பின்னறை அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்பாள். பிள்ளைகள் அக்காவும் நானும். இருவரும் வேறு வேறு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறோம். வரும் வியாழக்கிழமை அப்பாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை.

(பட்டறைச் சுவரோரம் யாரும் வந்து எடுக்காத ஃபிரிட்ஜ்கள் நிற்கின்றன. அதில் ஒன்றைக் கொடுத்தவர் இறந்துபோனார். அவருடைய இரண்டு மகன்களும் வந்து, அது யாருக்கு என்று பட்டறை வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேருமே எடுக்காமல் போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் அப்பா உயில் எழுத முடிவு செய்தார். அந்த ஃபிரிட்ஜுக்குள் இப்போது எங்கள் ஸ்பேனர்கள் இருக்கின்றன.)

3

அப்பா எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார், கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும். வக்கீலிடம் போனார். வீடும் பட்டறையும் அக்காவுக்கும் எனக்கும் சரிபாதி. ஆனால் அத்தை உயிரோடு இருக்கும்வரை பின்னறை அவளுக்கு, அதுவரை யாரும் விற்கக் கூடாது. இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். உயிலில் பங்கு உள்ளவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போகும் என்றும் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.*

* தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த வக்கீல் இன்னும் நம்புகிறார். பாவம், புதியவர்.

வீட்டுக்கு வந்ததும் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு ஒரு சாட்சியாக்கினார். அது சரி. இரண்டாவது சாட்சியாக அத்தையைக் கூப்பிட்டார்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா பழுது பார்த்து முடித்ததும், அத்தை வந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்ப்பாள். திருப்தியானால் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. உயிலும் அவர்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. அத்தை அதை முழுதாகப் படித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக ஒரு உயில் எழுதி, அத்தையை விட்டுவிட்டு வேறு யாரையாவது சாட்சி போடச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலை என்றார்.

4

அந்த அரை மணி நேர வேலையைச் செய்ய மாட்டேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை எடுக்கிறார்கள்.

நான் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவே இல்லை.

"அவ கையெழுத்து இல்லாம இங்கேருந்து ஒரு ஐஸ் டிரே கூட வெளிய போனதில்லடா. என் உயில் மட்டும் அனாதையாப் போகணுமா?"

அத்தையிடம் போனேன். உங்கள் அறைக்காகத்தான் சொல்கிறேன் என்றேன். அவள் பில் கட்டிக்கொண்டிருந்தவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அறை உங்கப்பா குடுக்கறது. கையெழுத்து என்னோடது. எது வேணும்னு கேட்டா நான் எதைச் சொல்வேன்?"

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளனாக எனக்குச் சந்தேகம் வருகிறது. தலைக்கு மேல் இருக்கும் கூரையை விட்டு ஒரு கையெழுத்தை யாராவது பிடித்துக்கொள்வார்களா? நம்பும்படி இல்லை. வேறொருவர் கதையில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் நானே கிழித்துத் தொங்கவிடுவேன். ஆனால் என்ன செய்ய, இந்தப் பாத்திரம் கீழே கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறது. நான் சாப்பிட்டேனா என்று வேறு கேட்கிறது.

5

முடிவுகள்.

(அ) வியாழக்கிழமை அப்பா பிழைக்கவில்லை. வீடு விற்கப்படுகிறது. அத்தை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிறாள். வானம்

வானத்தை விடுங்கள். அடித்தேன்.

(ஆ) உயில் செல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் நல்லவர்கள். அத்தையை அப்படியே வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இதைத்தான் எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். அக்கா தங்கமானவள்தான். ஆனால் அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் கல்லூரிக்குக் காத்திருக்கிறார்கள். பின்னறையோடு சேர்த்தால்தான் வீட்டுக்கு நல்ல விலை. நான்? இன்றைக்கு நான் நல்லவன். ஐந்து வருடம் கழித்து, வாடகை ஏறி, உடம்பும் படுத்தினால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. நான் பயப்படுவதே என்னைப் பார்த்துத்தான். அத்தையை என்னிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தக் காகிதம் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இவ்வளவு நாளாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

(இ) புதன்கிழமை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன், அப்பா புதிய உயிலில் கையெழுத்துப் போடுகிறார். கண்ணாடிக்காரர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி, யாரோ ஒருவர். அறை அத்தைக்கு.

இது போதும் என்று தோன்றியது. அத்தையிடம் கொடுத்தேன்.

6

அவள் மாடியில் தன் அறையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தாள். கம்ப்ரஸர் வரியில் விரலை வைத்தாள்.

"ஒத்த ஆளாத் தூக்கறதெல்லாம் பழைய கதை. போன மாசத்துலேருந்து ஒரு பக்கம் நான் பிடிக்கறேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லியிருக்காரு."

அவள் மேலே வாசித்துக்கொண்டு போனாள். ஐந்தாம் பகுதியில், என்னைப் பற்றி நானே எழுதியிருந்த இடத்தில், வெகு நேரம் நின்றாள். பிறகு கடைசி வரிக்கு வந்தாள்.

"இந்த யாரோ ஒருத்தர்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

தெரியவில்லை, யாராவது என்றேன்.

"யாராவதுன்னா எப்படி? ஆள வரச் சொல்லு. நான் பார்த்து சரின்னு சொன்னா அவர் போடட்டும்."

வாசகரே, அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லக் கீழே பட்டறைக்கு ஓடினேன். நீ பார்த்துச் சொன்னால் எனக்குச் சரி என்று கீழேயிருந்தே தங்கைக்குக் குரல் கொடுத்தார் அவர். நான் திரும்பி வந்தபோது அத்தை தாள்களை அடுக்கி, தட்டிச் சீராக்கி, என்னிடம் நீட்டினாள். நல்லாத்தான் இருக்கு என்றாள்.

கடைசித் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். வழக்கமாம். வாசித்துப் பார்த்தாளாம், திருப்தியாம், போட்டுவிட்டாளாம். வக்கீல் கணக்குப்படி, இந்தக் கதையில் நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த அறையும் செல்லாது. (இ) முடிவை அடித்துவிட்டேன்.

7

இனி நான் எழுதிப் பிரயோஜனம் இல்லை. நான் வாரிசு. அக்காவும் வாரிசு. உங்களுக்கு இந்த வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. இவ்வளவு தூரம் வாசித்து ஒன்றும் கிடைத்திருக்கவும் போவதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆள்தான் எங்களுக்கு வேண்டும்.

புதன்கிழமை காலையில் பட்டறை திறந்திருக்கும். கவுன்ட்டரில் இருப்பவள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள், நாலு கேள்வி கேட்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்துவிட்டால் பேனாவையும் அவளே தருவாள்.

போட்டு முடித்ததும் அந்தப் பேனாவை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். எவ்வளவு கேட்டாலும் அவள் கையில் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.