டின் மூடியில் நடந்தவன்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கதவில் கிடைத்தது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழ்க்கதவில் நோட்டீஸ்: 'தொடக்கநிலையினருக்கான குச்சி மனிதர் அனிமேஷன் போட்டி, மே 2006.' மேலே போய் விசாரிக்கக் கூச்சம். நின்றபடியே விதிகளை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று: ஒரு வட்டம், ஐந்து கோடு. அதற்கு மேல் கூடாது.

இரண்டு: இருபத்துநான்கு படங்கள், தனித்தனித் தாளில். வரும் எல்லாப் படங்களும் ஞாயிறன்று திரையில் ஓட்டிக் காட்டப்படும்.

மூன்று: படிப்புத் தகுதி தேவையில்லை. (இதை இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறேன்.)

நான்கு: தான் வரைந்ததைப் பிறருக்கு ஏற்கெனவே அசைத்துக் காட்டியவர் தொடக்கநிலையினர் ஆகமாட்டார். காட்டியதில்லை என்று அவரை அறிந்த ஒருவர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஐந்தாவதை எழுதுவதற்குள் குருபரப்பள்ளி பஸ் வந்துவிட்டது. ஆகவே இந்தக் கதையில் ஐந்தாம் விதி கிடையாது.

2.

போட்டிக்கு ஒரு ஆள் வேண்டுமே. பவளம் என்று பெயர் வைத்து, பர்கூரில் இன்ஜினியரிங் படிக்க அனுப்பினேன். 'பவளம் லேப்பிலிருந்து வெளியே வந்தபோது அவள் கையில்'

லேப்பிலிருந்து என்ன எடுத்து வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.

'மாந்தோப்பில் குயில்' என்றும் ஒரு தொடக்கம் உண்டு. அந்தக் குயில் எதற்கு வந்தது என்று அதற்கே தெரியவில்லை.

3.

கடைசியில் மாங்கூழ் கம்பெனியில், டின்கள் வரும் பெல்ட்டின் தலைமாட்டில் அவளை உட்கார வைத்தேன். உடனே நிமிர்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மூடி சரியாகப் பிடித்திருந்தால் அதன்மேல் சாக்பீஸால் ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. மூன்றாம் நாளே டிக் அலுத்துப்போய், ஒவ்வொரு மூடியிலும் ஒரு குச்சி மனிதனை வரையத் தொடங்கினாள். ஒன்றில் வலக்கால் முன்னே, அடுத்ததில் இடக்கால்.

பெல்ட்டின் கால்மாட்டில் சாந்தம்மா. மூடிகளை ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலை. அவளுக்கு முன்னால் மாங்காய்க் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு இரண்டு அடுக்காக இருக்கும். இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு டின் மட்டும் தெரியும் இடைவெளி.*

"ஏ புள்ள, உன் ஆளு நடக்கறான்டி!"

பெல்ட்டில் இருந்த அத்தனை பெண்களும் முறை வைத்து வந்து பார்த்தார்கள். வெயிலில் போகிறவன் மாதிரி மெதுவாக நடந்தான். ஒருநாள் குடை பிடித்தான். (ஆறாவது கோடு. ஒன்றாம் விதி அப்போது அவளுக்குத் தெரியாது.) சாந்தம்மா பார்த்தாள், சிரித்தாள், துடைத்தாள்.

பார்க்காத ஒரே ஆள் பவளம். அவள் எழுந்தால் படம் நின்றுவிடும். ஒருமுறை ஓடிப்போய்ப் பார்த்தாள். கடைசி மூடியில் ஒரு கால் மட்டும் கிடைத்தது. கூடவே சூப்பர்வைசர் கங்கப்பனின் வசவும்.

போட்டி நோட்டீஸ் அவள் கண்ணிலும் பட்டது. அவன் நடப்பதை ஞாயிற்றுக்கிழமை திரையில் தானும் பார்க்க வேண்டும். பவளத்துக்கு வேண்டியது இது ஒன்றுதான். பரிசை வேறு யாராவது கொண்டு போகட்டும்.

* இடைவெளியை நான் கற்பனை செய்யவில்லை. கிரேட்டை நேராக அடுக்கும் ஆள் இன்னும் அந்தப் பக்கம் வேலைக்கு வரவில்லை.

4.

போட்டிப் படிவத்தோடு பவளம் சாந்தம்மாவிடம் போனாள்.

"என்ன எழுதியிருக்கு, படி."

"இவர் வரைந்த படம் அசைந்து நான் பார்த்ததில்லை."

"நான் பாத்ததில்லையா?"

"சும்மா எழுதறதுதானக்கா."

"ஒரு மாசமா கண்ணு வலிக்கப் பாத்திருக்கேன். குடை புடிச்சவன்கிட்ட நல்லா இருக்கியான்னு கேட்டிருக்கேன். அதெல்லாம் எங்கடி போவுது?"

"நீதானக்கா எல்லாத்தையும் துடைச்சுட்ட."

சாந்தம்மா துணியைப் பிழிந்தாள். ரொம்ப நேரம் பிழிந்தாள்.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறாள், பிறகு பவளத்தோடு பேசுவதில்லை. எழுதிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. முடிவு ஆ: பவளம் படிவத்தைக் கிழிக்கிறாள். அப்படிக் கிழிக்கிறவள் இல்லை அவள், நாலாக மடித்து வைக்கிறவள்.

5.

நான் எழுத நினைக்காதது இது. சாந்தம்மா எழுந்து, "தள்ளு, சாக்பீஸைக் குடு. நீ போய் என் இடத்துல உக்காரு" என்றாள்.

"உனக்கு வரைய வருமாக்கா?"

"மூடி பாக்க வரும். மிச்சம் வரவர வரும். நோடு, போய்ப் பாரு."

பவளம் இடைவெளியில் கண்ணை வைத்தாள். முதல் மூடியில் தலை பூசணிக்காய். இரண்டாவதில் மூன்று கால். ஏழாவதில் தலையே இல்லை, எட்டாவதில் திரும்பி வந்தது. ஆனாலும் நடந்தான். குடித்தவன் மாதிரி, விழுந்து விழுந்து, பெல்ட் முழுக்க நடந்தான். பவளம் சிரித்த சிரிப்பில் துடைக்க மறந்துவிட்டாள். மூடிகள் அப்படியே லேபிள் ஒட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

"பாத்தியா?" பெல்ட்டின் அந்தக் கோடியிலிருந்து சாந்தம்மாவின் குரல்.

"பாத்தேங்க்கா."

"இப்ப என்னைப் பத்திக் கேட்டா, காட்டுனதே இல்லைன்னு நீ கையெழுத்துப் போடுவியா?"

பவளம் துணியை எடுத்து அடுத்த மூடியைத் துடைத்தாள்.

6.

படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சாந்தம்மா பேனாவைத் தொட மாட்டேன் என்கிறாள். பவளம் கேட்க மாட்டேன் என்கிறாள். நான்காம் விதியை மறுபடி படித்தேன். அவளை அறிந்த ஒருவர் என்றுதான் இருக்கிறது. கம்பெனி ஆள் என்று இல்லை. இவ்வளவு தூரம் வந்தபின் நீங்களும் அவளை அறிந்தவர்தான்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை அவள் தன் ஆளைப் பார்ப்பாள். அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் பகுதியில் அவன் குடை பிடித்துப் போனானே, நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

இவர் வரைந்த படம் அசைந்து நான் பார்த்ததில்லை.

கையெழுத்து: ..............................