திரைக்கு அந்தப் பக்கம் என் தம்பி

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவள் நான்தான். 1979இல் தம்பி மீராசாவை மாப்பிள்ளை பார்க்க, சம்மாந்துறையிலிருந்து பெண்ணின் வாப்பா கச்சிமுகம்மது வந்திருந்தார்.

"தம்பி, எத்தின ஏக்கர் வேளாண்மை செய்றீங்க?"

"மூ... மூ..."

"மூணு ஏக்கர்" என்றேன். "அவருக்கு வெக்கம்."

சின்ன வயதிலிருந்தே அவன் திக்கும் சொற்களை நான்தான் முடித்துக்கொடுப்பேன். உதவி என்று நினைத்திருந்தேன்.

2
'காவின் நாளன்று கடல் இரைந்து...'

(அந்த வரியை அடித்துவிட்டேன். காவின், அதாவது தம்பியின் கலியாண ஒப்பந்தம், நடந்தது சம்மாந்துறையில். அங்கே ஏது கடல்? அன்று நான் எதையுமே பார்க்கவில்லை. பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். எனக்குக் கிடைத்தவை குரல்கள்தான்.)

3
"கபூல் எண்டு சொல்லுங்க மாப்பிள்ள" என்றார் காவினை நடத்திவைக்கும் லெப்பை.

லெப்பை மறுபடியும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள?"

"க்... க்..."

யாரோ சிரித்தார்கள். கச்சிமுகம்மதுவின் குரல் உயர்ந்தது: "என்ன லெப்பை இது? இழுத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளயா? மனசில்லாட்டி எழும்பிப் போகச் சொல்லுங்க!"

இங்கே எழுப்பி அனுப்பினால் தம்பி இனி எந்தச் சபையிலும் வாய் திறக்கமாட்டான். 'ஏற்றுக்கொண்டேன்' என்னும் அந்தக் 'கபூல்' என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் சொன்னால் காவினும் செல்லாது, பொய்யும் வெளிவரும். சொல்லாவிட்டால் அவன்...

மணப்பெண் சுல்பிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மதினி, நீங்க கதைக்காதீங்க. அவர் சொல்லட்டும்."

"அவர் திக்குறது உனக்குத் தெரியுமா புள்ள?"

"மாப்பிள்ளைக்குப் பதிலா அவர்ர ராத்தா நீங்கதான் கதைச்சீங்கெண்டு வாப்பா வந்து சொன்னார். அப்பவே விளங்கிட்டு."

(இவ்வளவும் அவள் சொன்னாளா, என் பயம் எழுதிக்கொண்டதா, இன்றும் சந்தேகம். பிடித்த பிடி மட்டும் நிஜம். அவளுடைய காப்பு அழுந்திய தடம் இரண்டு நாள் இருந்தது.)

4
முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் கத்திவிடுகிறேன். அந்தப் பக்கம் ஆட்கள் எழும்பும் சத்தம். இன்னொன்றில் தம்பி பிசகில்லாமல் சொல்லிவிடுகிறான். வாசித்துப் பார்த்தால் அது அவன் குரல் இல்லை, என் குரல். மறுபடியும் முடித்துக்கொடுத்திருக்கிறேன்! கிழித்துப்போட்டேன்.

5
"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்" என்கிறார் லெப்பை, கச்சிமுகம்மதுவிடம்.

"எவ்வளவு நேரம் பொறுக்க?"

"க்... க..."

என்ன சொல்லென்று உங்களுக்குத் தெரியும். இந்நேரம் அது உங்கள் வாய்க்கும் வந்திருக்கும். சொல்லிவிடாதீர்கள். என்னோடு இந்தத் திரைக்குப் பின்னால் பயந்துகொண்டே இருங்கள். அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.