பெட்டி அடைச்ச கை

கரிசல் மண்ணுல கட்டடம் எழுப்புறது லேசுப்பட்ட காரியமா? சுக்கான் பாறை தட்டுப்படுற மட்டும் தோண்டி, கல்லூரி அறிவியல் கட்டடத்துக்கு வடபக்கம் ஒரு கூடம் சேர்த்து முடிக்க ரெண்டு கோடை போயிருச்சு. அது வந்தாத்தான் பொம்பளப் பிள்ளைகளுக்கு வேதியியல்னு சொல்லிவச்சிருந்தாக. சேர்ந்த பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருந்தாக. எண்பத்தொண்ணுல கூடம் எழும்பிச்சு. திறப்புவிழாவுக்கு முந்தின நாள், வாசல்ல 'வணிகவியல்'னு பலகை ஏறிச்சு.

வேதியியல் பேராசிரியை பெத்தம்மாள் அதைப் பார்த்தா. கல்லூரிச் செயலாளர் குருசாமிகிட்டப் போயி நியாயம் கேட்டா. கோவில்பட்டியில தீப்பெட்டி செய்யுற ஆபீஸ் நடத்துற பெரிய மனுசர் அவர். ஆசிட்டு, நெருப்புன்னு வயசுப் பிள்ளைக நிக்குற எடமா அது, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்லுதது, பேசாம வேற பாடத்துக்கு மாத்திவிடுங்கன்னுட்டார். அக்கறையைப் பாரேன்! பெத்தம்மாள் திரும்பி வந்துட்டா.

மறுநாள் காலையில வாசல்ல வாழைமரம் கட்டியாச்சு. குருசாமி விருந்தாளிகளோட உள்ள நுழைஞ்சா, மேசைதோறும் ஸ்பிரிட் விளக்கை வச்சிக்கிட்டுப் பிள்ளைக நிக்குது. முன்னால பெத்தம்மாள். யாரைக் கேட்டு இதெல்லாம்னு சீறினார்.

வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து அவரை 'சார்'னுதான் கூப்பிடுவா. அன்னைக்குக் கூப்பிட்டது வேற.

"மொதலாளி," என்றாள். "சின்னப் பிள்ளையில உங்க ஆபீஸ்ல குச்சி எண்ணிப் பெட்டி அடைச்சவ நான். அடைக்கும்போதே மருந்து ஒரசிப் பத்திக்கிடும். கையி பொத்துப்போயி வீட்டுக்குப் போவேன். அன்னைக்கு எங்க அம்மைக்குப் பதில் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையே?"

தழும்பு விழுந்த அவ விரலைக் குருசாமி பார்க்கவே இல்லை.

அவர் ஆபீஸ் தீப்பெட்டி ஒண்ணு மேசையில கெடந்துச்சு. அதை எடுத்து முன்னால நின்ன பிள்ளைகிட்டக் கொடுத்தாள்.

"பத்த வை ஏட்டி."

ஒவ்வொரு விளக்கா எரிய ஆரம்பிச்சுது. விருந்தாளி ஒருத்தர் சுத்திமுத்திப் பார்த்துட்டு, இது என்ன கூடம்னு கேட்டார். குருசாமி வெளிய எட்டி வாசலுக்கு மேல பலகையைத் தேடினார். வெறும் ஆணிதான் இருந்துச்சு. பலகை உள்ள மேசையில மல்லாந்து கெடந்துச்சு. அதுமேல ஆசிட் பாட்டிலை வரிசையா அடுக்கி வச்சிருந்தா பெத்தம்மாள்.

"வேதியியல்," என்றார் குருசாமி.