வாய் திறப்பதற்கு முந்தைய நிலை

அம்மாவின் மீன்குஞ்சு வாயைத் திறந்துவிட்டது. இந்த நடுராத்திரியில் வீட்டில் நானும் அதுவும்தான்.

நுரையீரல் மீனுக்கு மண்டையோடு எப்படி உருவாகிறது என்று ஆராய்வது அம்மாவின் வேலை. ஒன்றாகப் பொரிந்த குஞ்சுகளில் தினம் ஒன்றை மயக்கி, மருந்தில் போட்டு, குருத்தெலும்புக்கு நீலச் சாயம் ஏற்றுவாள். வீட்டு அலமாரியில் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. முதல் குப்பியில் கண்ணுக்குக் கீழே மெல்லிய நீலக் கீற்று. அடுத்தடுத்த குப்பிகளில் அது தடித்து, மேல்தாடை மூளைப் பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. வாய் முதன்முதலாகத் திறப்பதற்குச் சற்று முந்தைய நிலை மட்டும் பாக்கி. அதற்கு மிஞ்சியது இந்த ஒரே குஞ்சு. எப்போதும் ஒருக்களித்தே கிடப்பதால் அம்மா அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

குடல்வால் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "வாலு, மூணு நாள் கழிச்சு லேப் அண்ணன் வந்து இத எடுத்துக்குவார். அதுவரைக்கும் இருட்டுல, குளுமையா இருக்கட்டும். சித்தி வந்துடுவால்ல?"

"வந்துடுவாம்மா. நீ போ."

சித்தி வரவில்லை. அவள் பையனுக்குக் காய்ச்சல். அம்மா கவலைப்படுவாளே என்று நான் மூச்சுவிடவில்லை. ஆனால் இருட்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. மேசை விளக்கைப் போட்டுவிட்டு, தூங்குமூஞ்சி இருந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே படுத்தேன். மறுநாளும் அப்படியே.

இப்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வாய் திறக்கிறது, மூடுகிறது. தண்ணீரில் விரலை வைத்தேன். வெதுவெதுப்பு. சூடு ஏறினால் குஞ்சு வேகமாக வளரும் என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

போன் போட்டேன்.

"அம்மா, தூங்குமூஞ்சி வாயத் திறந்துடுச்சு."

"வெளையாடாதடி. அதுக்கு இன்னும் நாளு இருக்கு."

"வெளக்கு போட்டு வெச்சிருந்தேன். தண்ணி சூடாயிடுச்சு."

"அடிப்பாவி! இனி அடுத்த முட்டைக்கு ஒரு வருஷம் காத்துக் கெடக்கணுமே!" அழுதுவிடுவாள் போலிருந்தது. பிறகு, "ராத்திரி பூரா வெளக்கு எதுக்குடி? சித்திக்குத்தான் வெளிச்சம் இருந்தா தூக்கமே வராதே?"

கிண்ணத்தை விளக்கிலிருந்து தள்ளி வைத்தேன்.

"வாலு... தனியாவா இருக்க?"

"ம்."

அந்தப் பக்கம் யாரோ அதட்டினார்கள்: "இந்நேரத்துல யாரும்மா போன்ல?"

"எம்பொண்ணு, சிஸ்டர். ஒத்தையில இருக்கா." என்னிடம், "மீனு கெடக்கட்டும். நீ வெச்சுடாத, பேசிட்டே இரு" என்றாள்.

பேசினேன். மருந்து மயக்கத்தில் அவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. நான் இன்னும் போனை வைக்கவில்லை.