மச்சான் படிக்கப் போகிறாள்

பேச்சுச் சிகிச்சை மேற்படிப்புக்கு ஒருவர் இரண்டு முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பது அந்தக் கல்லூரியின் விதி. முதல் முறை அவளை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. காரணத்தை மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

“இந்தப் படிப்புல ஏன் சேர விரும்புறீங்கன்னு கேட்டிருக்காங்க. நீ ரெண்டு பக்கத்துக்கு அப்பாவைப் பத்தி எழுதியிருக்க. படிச்சா துக்கம் விசாரிக்கத்தாம்மா தோணுது. சீட்டு குடுக்கத் தோணல.”

சுள்ளென்று பட்டாலும் உண்மை. அதனால் இரண்டாம் முறை அவள் கணவரை விண்ணப்பத்திலிருந்து முழுதாக வெளியே எடுத்துவிட்டாள். வாடகைக் கார் நிறுவனத்தில் வருஷக்கணக்காகத் தொலைபேசி எடுப்பதை எழுதினாள். பல் இல்லாத வாய், குடித்த வாய், அழுகிற வாய், மென்றுகொண்டே பேசுகிற வாய், எது பேசினாலும் முகவரியைப் பிடித்து வண்டி அனுப்பிவிடுவாள். மாலை வகுப்பில் மொழியியலும் குரல்வளையின் உடற்கூறும் படித்துத் தேறியதை எழுதினாள். பரிந்துரைக் கடிதத்தை முதலாளி கொடுத்தார். ‘இவர் அனுப்பிய வண்டி ஒருநாளும் தப்பான வாசலில் நின்றதில்லை’ என்று அதில் இருந்தது.

இந்த முறை கூப்பிட்டார்கள்.

கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்து, கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. சொற்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்படிச் சாமானை அள்ளிக் கட்டில் மேல் போடுவார்களே, அந்த மாதிரி. முதன்முதலாக வாய் திறந்தபோது அவளைப் பார்த்து, “மச்சான், தண்ணி” என்றார். பெற்ற தாயைத் தம்பி என்றார். மகள் பெரியப்பா ஆனாள். மூக்குக் கண்ணாடி செருப்பு ஆனது.

முதலில் திருத்திப் பார்த்தார்கள். திருத்தத் திருத்த அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மாமியாரால்தான் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த முறை அவர் “தம்பி” என்று முனகியதும், “சொல்லுடா, தம்பி வந்துட்டேன்” என்று போய் எதிரே நின்றார். அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் திருத்தவில்லை. மகள் ஒருபடி மேலே போனாள். மதிப்பெண் குறைந்ததற்கு அம்மா திட்ட ஆரம்பித்தால், “பெரியப்பாகிட்ட கொஞ்சம் மரியாதையாப் பேசும்மா” என்பாள். அதற்குமேல் யாரால் திட்ட முடியும்?

இரண்டு வருஷம் இப்படி ஓயாமல் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சொற்கள் போகவில்லை. அவை வீட்டோடு தங்கிவிட்டன. மாமியார் இன்றைக்கும் மருமகளை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்.

வாரா வாரம் அவரைக் கூட்டிப்போன சிகிச்சை அறைக்கு, அவர் போன பிறகும் அவள் கால்கள் பழக்கத்தில் போயின. அங்கிருந்த சிகிச்சையாளர் ஏன் என்று கேட்கவில்லை, மூலையில் ஒரு நாற்காலி போட்டார். தேடிக்கொண்டிருந்த சொல் நாக்குக்கு வந்து சேரும்போது நோயாளிகளுக்கு ஒரு முகம் வரும். அந்த முகத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. படிக்க ஆசைப்பட்டதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நேர்காணல் அன்று காலை மாமியார் வாசல்வரை வந்தார்.

“மச்சான், அவன் பேச்சை மட்டும் எடுத்துடாதே. உனக்குக் கண்ணு கலங்கும். காரியம் கெட்டுடும்.”

“எடுக்கமாட்டேன் அத்தை.”

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் துறைத் தலைவி, நரைத்த முடியைக் காதோடு வெட்டியிருந்தார். ஒரு பக்கம் காது கேட்கும் திறனைப் பற்றிப் பாடம் எடுக்கும் பேராசிரியர். இன்னொரு பக்கம் ஓர் இளம் விரிவுரையாளர். பேராசிரியர் நாக்கின் தசைகளைப் பற்றிக் கேட்டார். பாதி சொன்னாள். மீதிக்கு, “தெரியல சார், அடிச்சு விட விரும்பல” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை.

துறைத் தலைவி அவளுடைய கோப்பைப் பிரித்தார். படிக்கக் கண்ணாடி தேடி மேசையைத் தடவினார். தாள்களைத் தூக்கிப் பார்த்தார். கைப்பையைக் குடைந்தார். கண்ணாடியோ அவர் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. உதவுகிற அவசரத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது.

“மேடம், செருப்பு உங்க தலைமேல இருக்கு.”

செவித்திறனில் கரைகண்ட அந்தப் பேராசிரியர், தன் காதையே நம்பாதவர்போல் சுண்டு விரலை விட்டு ஒருமுறை குடைந்தார். துறைத் தலைவியின் கை பைக்குள்ளேயே நின்றது.

“கண்ணாடி மேடம். கண்ணாடின்னு சொல்ல வந்தேன். கண்ணாடிக்குச் செருப்புன்னு பேரு…”

“எந்த ஊர்லம்மா?” என்றார் பேராசிரியர்.

“ஊர்ல இல்ல சார். எங்க வீட்ல மட்டும்.”

இனி மறைக்க என்ன இருக்கிறது? மச்சானில் ஆரம்பித்துத் தம்பி, பெரியப்பா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். விரிவுரையாளர் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். துறைத் தலைவி தலையிலிருந்து கண்ணாடியை எடுத்து அதை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப உங்க வீட்ல செருப்புக்கு என்ன பேரு?”

“அதுக்கும் செருப்புதான் மேடம். எது வேணும்னு அவர் எங்கே பார்க்கறார்ங்கறதை வெச்சுத் தெரிஞ்சுக்குவோம்.”

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவரை ஒருநாளும் பார்த்திராத மனிதர்கள் அவரை நினைத்து இப்படிச் சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கும் என்று மாமியார் பயந்தது என்னவோ நடந்தது, சிரித்துச் சிரித்து.

துறைத் தலைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இப்ப ஒண்ணு கேட்கறேன். வீடே அவர் சொல்லுக்கு மாறிடுச்சு. அப்புறம் சரியான சொல் அவருக்கு எதுக்குத் திரும்பி வரணும்? வர்ற வழியை அடைச்சதே நீங்கதானோ?”

படுத்தால் தூக்கம் வராத நாட்களில் அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். வெளியிலிருந்து வரும்போது கொஞ்சம் கூராக இருந்தது.

“இருக்கலாம் மேடம். ஆனா திருத்தினப்ப அவர் பேசறதையே விட்டுட்டார். பேச்சே இல்லேன்னா எந்தச் சொல்லைத் திருத்தறது?”

“அது ஒரு மனைவி சொல்ற பதில். தப்புன்னு சொல்லல. நாளைக்கு ஒரு நோயாளி உங்ககிட்ட செருப்பு கேட்கிறார், கண்ணாடிதான் வேணும்னு உங்களுக்குத் தெரியுது. என்ன செய்வீங்க?”

அவள் அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

“முதல்ல கண்ணாடியை எடுத்துக் கையில குடுப்பேன். கேட்டது கிடைச்சுதுன்னு அவருக்குத் தெரியணும். குடுக்கும்போது, இந்தாங்க கண்ணாடின்னு நான் சொல்வேன். அவரைச் சொல்லச் சொல்லமாட்டேன். மாட்டிக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார் இல்ல, அப்ப இன்னொரு தடவை, கண்ணாடி சரியா இருக்கான்னு கேட்பேன். அவர் வாயில வர்றவரைக்கும் என் வாயில இருக்கட்டும்.”

“வீட்ல இப்படிச் செஞ்சீங்களா?”

“இல்ல மேடம். இப்பதான் தோணுது.”

துறைத் தலைவி எதையோ எழுதிக்கொண்டார். “சரி, போயிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் மாமியார் கதவைத் திறந்ததுமே, “எடுத்தியா அவன் பேச்சை?” என்றார்.

“எடுத்தேன் அத்தை.”

“அழுதியா?”

“துறைத் தலைவியைப் பார்த்து, தலைமேல செருப்பு இருக்குன்னு சொன்னேன்.”

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் விக்கல் வரும்வரை சிரித்துவிட்டு, “அப்பா சிபாரிசு பலமாத்தான் இருந்திருக்கு” என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் சில வாரங்களுக்குக் கல்லூரி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

தகவல் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். காதில் ஹெட்போன், அதற்குள் வண்டி கேட்டு ஒருவர். மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. ஓரக்கண்ணால் படித்தாள். மறுபடி படித்தாள்.

“கிடைச்சிருச்சு” என்றாள்.

“வண்டியா?” என்றது காதுக்குள் குரல்.

“இல்ல சார், சீட்டு.”

“சீட்டு மட்டும் வந்தா நான் எப்படிம்மா போறது? வண்டி வேணாமா?”

“மன்னிச்சுக்குங்க சார். காலேஜ் சீட்டு. எனக்கு.”

“மகளுக்கா?”

“எனக்குத்தான் சார். பேச்சு வராதவங்களைப் பேச வைக்கிற படிப்பு.”

“நல்ல படிப்புதான். எங்க மாமனார் ஒருத்தர் இருக்கார். பேச்சை நிறுத்தற படிப்பு ஏதாவது அங்கே இருந்தா எனக்குச் சொல்லும்மா.”

சிரித்துக்கொண்டே வண்டியை அனுப்பினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அத்தை, நான்தான்.”

“குரலே சொல்லுது” என்றார் மாமியார். “என்னைக்குச் சேரணும்?”